தாதர் மாதா கோவிலில் தொடங்கி தாராவியில் முடியும் ஒரு நடை
சார்லஸ் கொரியா கட்டிய மும்பையை ஒரே நாளில் பார்க்கலாம்

ஊரிலிருந்து மைத்துனர் வந்து இறங்கி, "மும்பையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், நம்மவர்கள் காட்டும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கேட்வே ஆப் இந்தியா, தொங்கும் தோட்டம், மகாலட்சுமி கோவில், ஜூகு கடற்கரை. நேரம் இருந்தால் எலிபெண்டா.

கட்டிடக்கலை படிக்கும் மாணவர்கள் வேறொரு பட்டியலோடு இந்த நகருக்கு வருகிறார்கள். அந்தப் பட்டியலில் வெள்ளைக்காரன் கட்டியது எதுவும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு சார்லஸ் கொரியா என்ற ஒரே மனிதர் போட்ட வரைபடங்களின்படி எழுந்தவை அவை. தினமும் மின்சார ரெயிலில் அவற்றின் பக்கத்தில் போய் வருகிற நம் ஆட்களுக்கு அவை அங்கே இருப்பதே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ரெயில் பாசும் நடக்கக் கால்களும் இருந்தால் போதும். வழி காட்ட ஆள் தேவையில்லை.

யார் இந்தக் கொரியா?

கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். 1930-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி செகந்திராபாத்தில் பிறந்தார். பம்பாய் சேவியர் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் கட்டிடக்கலை பயின்றார். 1958-ல் பம்பாயில் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது வயது 28. அந்த வயதிலேயே ஆமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1963-ல் நேரு அதைத் திறந்து வைத்தார்.

பத்மஸ்ரீ, பத்மவிபூஷண், இங்கிலாந்தின் தங்கப் பதக்கம் என்று பிறகு விருதுகள் குவிந்தன. சென்னையில் எம்.ஆர்.எப். தலைமை அலுவலகமும் அவர் வேலைதான். 2015 ஜூன் 16-ந் தேதி மும்பையில் காலமானார்.

அவர் மனதில் ஊறிப்போன சங்கதி ஒன்று உண்டு. அது வானம். நம் நாட்டில் மனிதன் நான்கு சுவருக்குள் வாழ்வதில்லை. பாதி வாழ்க்கை வெளியில்தான் நடக்கிறது என்பது அவர் கட்சி. சமைப்பது, அரிசி புடைப்பது, பிள்ளைகள் படிப்பது, வெயில் காலத்தில் படுப்பது எல்லாம் முற்றத்திலும் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் நடக்கும். ஆகவே கூரை போட்ட அறையைப் போலவே கூரை இல்லாத இடமும் ஓர் அறைதான், அதையும் கணக்கில் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றார். இதற்கு அவர் உதாரணம் காட்டியது தென்னாட்டுக் கோவில்களை. கோபுரமும் கர்ப்பக்கிரகமும் மட்டும் கோவில் ஆகாது. அவற்றுக்கு நடுவே வானத்தின் கீழ் நடந்து போகும் பிரகாரமும் சேர்ந்தால்தான் கோவில் என்று அவர் எழுதினார். ஸ்ரீரங்கத்தில் ஏழு பிரகாரம் சுற்றியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முதல் இடம்: தாதர்

தாதர் மேற்கில் இறங்கி கோகலே ரோடு பக்கம் நடந்தால் 'போர்ச்சுகீஸ் சர்ச்' என்று எல்லோரும் வழி சொல்வார்கள். இரட்சணிய மாதா கோவில் என்பது அதன் பெயர். போர்ச்சுகீசியப் பாதிரியார்கள் 1596-ல் முதன்முதலாக இங்கே கோவில் கட்டினார்கள். இப்போது நிற்கும் கட்டிடம் 1970-களில் கொரியா கட்டியது.

உயர்ந்த கோபுரமும் நீண்ட மண்டபமும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பச்சைக் கான்கிரீட். தலைகீழாகக் கவிழ்த்த பெரிய கூம்புகளைப் போல் கூரைகள். பாதி மண்டபம், பாதி முற்றம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கூட்டம் வழிந்து போகும்படி அமைத்திருக்கிறார். திருவிழா நாளில் உள்ளே இடமில்லையென்றால் முற்றத்தில் நின்றபடியே பூசை பார்க்கலாம். கூம்பின் உச்சி வழியாக வெளிச்சம் இறங்குகிறது. அடியில் சேரும் சூட்டுக்காற்று அதே வழியாக மேலே ஏறிப் போய்விடுகிறது. ஓவியர் எம்.எப். உசேனின் கைவண்ணமும் உள்ளே இருக்கிறது. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம். முடிந்தபின் போய் பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். மே மாதத்தில் உட்கார்ந்தால் கொரியா என்ன செய்தார் என்பது உடம்புக்கே தெரியும்.

ரெயில் ஜன்னலில் ஒரு பாடம்

தாதரில் சர்ச்கேட் லோக்கல் ஏறுங்கள். பிரபாதேவி, லோயர் பரேல், மகாலட்சுமி என்று வண்டி போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு காலத்தில் புகைபோக்கிகளாக நின்ற இடத்தில் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. 1982-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மில் நிலங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1991-ல் வந்த விதி நியாயமான வழி சொன்னது. நிலத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பங்கு திறந்த வெளிக்கு, ஒரு பங்கு சாதாரண மக்களின் வீடுகளுக்கு, மீதி முதலாளிக்கு.

1996-ல் மாநில அரசு இதைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் கொரியா. பூங்காவும் நடைபாதையும் தொழிலாளர் வீடுகளும் சேர்ந்தாற்போல் வரும்படி, பரேல் முழுவதையும் ஒரே திட்டமாக அவர் வரைந்து கொடுத்தார். அறிக்கை அலமாரிக்குப் போனது. 2001-ல் விதியைத் திருத்தி, காலி மனையை மட்டும் மூன்றாகப் பிரித்தால் போதும், கட்டிடம் நிற்கும் நிலத்தைப் பிரிக்க வேண்டாம் என்று ஆக்கினார்கள். மில்லில் காலி மனை எவ்வளவு இருக்கும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2006-ல் அந்தத் திருத்தமே நிலைத்தது. ஜன்னலில் தெரிவது அதன் பலன். இந்த நடையில் கொரியா கட்டாமல் போன இடங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

32 குடும்பங்களுக்கு ஒரு மலை

கிராண்ட் ரோடில் இறங்கி கெம்ப்ஸ் கார்னர் வழியாக பெடர் ரோடு பக்கம் ஏறினால், வெள்ளையாக ஒரு கட்டிடம் தலை நீட்டும். மூலைகளில் பெரிய பெரிய சதுரங்களை வெட்டி எடுத்தது போல் இருக்கும். அதுதான் 'காஞ்சன்ஜங்கா'. 1970-ல் தொடங்கி 1983-ல் முடிந்தது. 28 மாடி. இருப்பதோ 32 வீடுகள்! தாராவியில் ஒரு சந்துக்குள் 32 குடும்பங்கள் இருக்கும் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

காவலாளி உள்ளே விடமாட்டார். ரோட்டிலிருந்தே பார்க்கலாம். வெட்டி எடுத்தது போல் தெரியும் மூலைகள் உண்மையில் இரண்டு மாடி உயரமுள்ள தோட்ட முற்றங்கள். அவை ஏன்? மும்பையில் கடல் இருப்பது மேற்கே. காற்று வருவதும் மேற்கிலிருந்து. ஆனால் பிற்பகல் வெயிலும் பருவமழையும் அதே மேற்கிலிருந்துதான் அடிக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் மழை, மூடினால் புழுக்கம். இந்தத் தொல்லை சால் வீட்டுக்காரருக்கும் உண்டு, கோடீசுவரருக்கும் உண்டு. பழைய பங்களாக்களில் வீட்டைச் சுற்றித் தாழ்வாரம் விட்டு இதைச் சமாளித்தார்கள். கொரியா அந்தத் தாழ்வாரத்தை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெயிலும் மழையும் முற்றத்தோடு நின்றுவிடுகின்றன. காற்று மட்டும் வீட்டுக்குள் வருகிறது. முற்றத்தின் தளம் தூணே இல்லாமல் 20 அடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பொறியியல் வேலை சிரிஷ் பட்டேல் என்பவருடையது. அவர் பெயர் இந்த நடையில் இன்னொரு தடவை வரும்.

பணக்காரர்களுக்குக் கட்டியதால்தான் கொரியாவுக்குப் பெயர் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. பத்திரிகைகளில் அதிகம் வந்த படம் இந்தக் கட்டிடத்தின் படம்தான் என்பதால் அப்படித் தோன்றலாம். அவர் அதிகம் பேசியதும் எழுதியதும் எதைப் பற்றி என்பது அடுத்த இடத்தில் தெரியும்.

படுக்க ஒரு மேடை

மறுபடி ரெயில் ஏறி சர்ச்கேட்டில் இறங்கி, தாதாபாய் நௌரோஜி ரோடு வழியாக வி.டி.க்கு (இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், பழைய வாய் மாறுவதில்லை) நடந்து போங்கள். வளைவுத் தாழ்வாரங்களின் கீழ் வியாபாரிகள் கடை பரப்பியிருப்பார்கள். பகலில் நடக்க இடமில்லை. இரவில் அதே நடைபாதையில் ஆட்கள் படுத்திருப்பார்கள். இவர்களில் பலர் வீடு இல்லாதவர்களே அல்ல. ஓட்டலில், ஆபீசில், கடையில் வேலை செய்கிறவர்கள். பத்துப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் தட்டுமுட்டுச் சாமான் இருக்கும். படுக்கத்தான் இடம் இருக்காது. பம்பாய்க்கு வந்த முதல் வருடத்தில் இப்படிப் படுத்தெழுந்த நம்மவர்கள் எத்தனையோ பேர்.

1960-களின் கடைசியில் கொரியா இதற்கு ஒரு யோசனை சொன்னார். போலீசைக் கொண்டு விரட்டும் யோசனையல்ல அது. இந்த ரோட்டின் ஓரமாக 2 மீட்டர் அகலத்தில், அரை மீட்டர் உயரத்தில் நீளமாக மேடை கட்ட வேண்டும். சுமார் 30 மீட்டருக்கு ஒரு தண்ணீர்க் குழாய். பகலில் வியாபாரிகள் மேடையில் உட்கார்ந்து விற்பார்கள். நடைபாதை நடப்பவர்களுக்கு விட்டுப்போகும். மாலை ஆறரை மணிக்குக் குழாயைத் திறந்து மேடையைக் கழுவிவிட்டால் இரவு அதுவே படுக்கை. ஊர்த் திண்ணை செய்கிற வேலைதானே இது! செலவும் அதிகமில்லை. யாரும் கட்டவில்லை. ரோட்டைப் பார்த்தபடி, எங்கே அந்த மேடை வந்திருக்கும் என்று நீங்களே மனதில் வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம்

வி.டி.யில் பன்வெல் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். செம்பூர், கோவண்டி, மான்குர்து தாண்டியதும் கடல் கழிமுகத்தின் மேல் வண்டி ஓடும். இந்தப் பாலத்தில் 1992-ல்தான் ரெயில் ஓடத் தொடங்கியது. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நகரம் வேண்டும் என்ற எண்ணம் 1964-லேயே பிறந்துவிட்டது.

அப்போது பம்பாய் வடக்கே வடக்கே என்று நீண்டுகொண்டே போனது. வேலை தெற்கே, வீடு வடக்கே, காலையில் எல்லோரும் ஒரே திசையில் நெரிசல். கொரியா, பிரவீணா மேத்தா, மேலே சொன்ன சிரிஷ் பட்டேல் மூவரும், நகரத்தைக் கிழக்கே கடலுக்கு அப்பால் திருப்புங்கள் என்று அரசுக்குத் திட்டம் கொடுத்தார்கள். 1970-ல் அரசு 'சிட்கோ' நிறுவனத்தை அமைத்தது. தலைமைக் கட்டிடக்கலைஞராக கொரியா 1974 வரை அங்கே வேலை பார்த்தார்.

திட்டத்தின் உயிர் ஒரு விஷயத்தில் இருந்தது. மாநில அரசின் தலைமைச் செயலகமும் அலுவலகங்களும் புதிய நகருக்குப் போக வேண்டும். அவற்றின் பின்னால் மற்ற அலுவலகங்களும் போகும். அரசு போகவில்லை. அதற்குப் பதிலாக நரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து அங்கேயே மாடிகளை அடுக்கினார்கள். அதனால் நவி மும்பையில் முதலில் வீடு வந்தது, வேலை பிறகு மெல்ல வந்தது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாடகைக்கு இருந்த நம் குமாஸ்தாக்கள் பலர் சிட்கோவில் மனு போட்டு வாஷியிலும் நெருலிலும் சொந்த வீடு வாங்கியது இந்தத் திட்டத்தால்தான். காலை எட்டேகால் வண்டியில் ஒற்றைக்காலில் நிற்பதும் இதே திட்டம் பாதியில் நின்றதால்தான்!

சி.பி.டி. பேலாப்பூரில் இறங்கி, மலையடிவாரத்துக்கு ஆட்டோ பிடித்து 'ஆர்ட்டிஸ்ட் வில்லேஜ்' என்று சொல்லுங்கள். 1983-லிருந்து 1986-க்குள் கொரியா சிட்கோவுக்காகக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. இந்த நடையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான்.

ஏழு வீடும் ஒரு முற்றமும்

சுமார் 13 ஏக்கரில் ஏறக்குறைய 550 வீடுகள். ஒரு லிப்டும் கிடையாது. எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம் ஒன்று. அதைச் சுற்றி ஏழு வீடுகள். இப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால் 21 வீடுகள், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் பெரிய முற்றம். அவையும் சேர்ந்து சேர்ந்து பெருகி, கடைசியில் கடைவீதியும் பள்ளிக்கூடமும் உள்ள மைதானத்துக்கு வந்து சேரும். நடுவே ஓர் ஓடை. நம் ஊர்த் தெருவும் வளவும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றினால் அது தற்செயல் இல்லை.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் மனை அளவில் பெரிய வித்தியாசம் வைக்கவில்லை. 45 சதுர மீட்டரிலிருந்து 70, 75 வரைதான். அடுத்து, எந்த வீட்டின் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டவில்லை. ஏன்? சம்பளம் உயர்ந்தால், மகனுக்குக் கல்யாணம் ஆனால், அடுத்த வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்காமல் ஓர் அறை சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, மங்களூர் ஓடு. சாதாரணக் கொத்தனாரே கட்டிவிடுவார். பெரிய காண்டிராக்டர் தேவையில்லை.

இப்போது போகிறவர்கள், கொரியா கட்டிய வீடு எங்கே என்று தேடத்தான் வேண்டும். ஓட்டு வீடுகளில் பலவற்றை இடித்துவிட்டு மூன்று மாடிக் கான்கிரீட் வீடாக்கிவிட்டார்கள். முற்றங்களில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. படம் எடுக்க வரும் மாணவர்கள் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட எதுவும் இல்லை. குடும்பம் வளர்ந்தால் வீடும் வளரட்டும் என்றுதானே அவர் மனையைப் பிரித்துக் கொடுத்தார்? முற்றங்கள் பெரும்பாலும் முற்றங்களாகவே இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் துரத்தப்படவில்லை. ஒரு குடியிருப்பை மதிப்பிட இதைவிட வேறு கணக்கு எதற்கு?

கடைசி இடம்: தாராவி

பேலாப்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, சயனில் இறங்குங்கள். தாராவியில் கொரியா ஒரு கட்டிடமும் கட்டவில்லை. ஆனாலும் நடை இங்கேதான் முடிய வேண்டும்.

தாராவியின் கதை நம்மவர்களுக்குப் புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தூர்த்து மேடாக்கிய ஊர் இது. பெரிய பள்ளிவாசல் 1887-ல் எழுந்தது. கணேசர் கோவில் 1913-ல். இரண்டுமே தமிழர் கட்டியவை.

1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு தாராவிக்கு. தாராவியை என்ன செய்யலாம் என்று சொல்ல அமைந்த குழுவுக்குத் தலைவராக கொரியாவே வந்தார். அதே ஆண்டுகளில் தேசிய நகர்மயமாதல் கமிஷனுக்கும் அவர்தான் தலைவர். நடைபாதை ஆளுக்கு மேடை வரைந்தவர், ஏழு வீட்டுக்கு ஒரு முற்றம் கொடுத்தவர் தாராவிக்கு வருகிறார் என்றால் நல்லதுதானே என்று தோன்றும்.

சிக்கல் வந்தது எண்ணிக்கையில். தாராவியில் 55 ஆயிரம் குடும்பங்கள் என்பது அப்போதைய அரசுத் தரப்பின் மதிப்பீடு. நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பதால் 43 ஆயிரம் குடும்பங்களுக்கு இங்கே இடம், மீதி 12 ஆயிரம் குடும்பங்கள் வெளியே என்றது திட்டம். யார் அந்த 12 ஆயிரம்? எந்தச் சந்து? தாராவி கொதித்தது.

அப்போது முன்னால் வந்தவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து 1960-களில் பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர். மான்குர்து ஜனதா காலனியில் குடியிருந்து, 1976-ல் அந்தக் காலனியையே அரசு இடித்து மக்களைச் சீத்தா கேம்புக்கு அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவர். தேசிய குடிசைவாசிகள் சம்மேளனத்தைத் தொடங்கியவர். பிறகு மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்றார். 2018 அக்டோபரில் காலமானார். நம் தலையை வேறு யாரோ எண்ணுவானேன், நாமே எண்ணுவோம் என்பது அவர் வழி. 1986-87-ல் அவருடைய சம்மேளனமும் 'ஸ்பார்க்' அமைப்பும் சேர்ந்து குடியிருப்பவர்களையே கொண்டு சந்து சந்தாக, கதவு கதவாகக் கணக்கெடுத்தன. 86 ஆயிரம் கட்டிடங்கள். ஒரு லட்சத்து 6 ஆயிரம் குடும்பங்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்.

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பாதிக் குடும்பங்களைக் கணக்கில் விட்டுவிட்டு வரைந்த வரைபடம் எவ்வளவு நல்ல மனதோடு வரைந்ததாக இருந்தாலும் யாருக்கு உதவும்? பழைய திட்டப்படி சில கட்டிடங்கள் எழுந்ததோடு சரி. பி.எம்.ஜி.பி. குடியிருப்பு என்ற பெயரில் அவை இன்றும் இருக்கின்றன.

பிறகு 1990-களில் குடிசை மாற்றுத் திட்டம் வந்தது. 225 சதுர அடியில் இலவச வீடு, ஏழு மாடிக் கட்டிடம். சயனிலிருந்து 90 அடி ரோடு பக்கம் நடந்தால் அவற்றைப் பார்க்கலாம். சுவரும் கழிப்பறையும் கிடைத்தது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிகாலையில் இட்லி அவித்து சைக்கிளில் விற்கப் போகிறவர் ஐந்தாவது மாடியில் எங்கே மாவு அரைப்பார், எங்கே அண்டா கழுவுவார், எங்கே சைக்கிள் நிறுத்துவார்? அப்பளம் இட்டு வெயிலில் காய வைக்கும் பெண்களுக்கு வெயில் எங்கே? கீழே வாசல் இருந்தவரை இந்தக் கேள்விகள் எழவில்லை. வாசலும் ஓர் அறை என்று கொரியா சொன்னது இதைத்தான்.

2022 நவம்பரில் தாராவி முழுவதையும் திருத்தி அமைக்கும் ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்பது அறிவிப்பு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. நாற்பது ஆண்டுக்கு முன் கேட்ட அதே கேள்வி சந்துகளில் மறுபடி கேட்கிறது: எண்ணப்பட்டவர் எத்தனை, விடுபட்டவர் எத்தனை? பழைய ரேஷன் கார்டு, மின்சார பில், வாக்காளர் பட்டியல் நகல் எல்லாம் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டன.

நடை இங்கே முடிகிறது. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போகலாம். அங்கே காப்பிக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமையில் போகிறவர்கள் ஹார்பர் லைனில் மெகா பிளாக் உண்டா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.